"நல்லாத்தானே இருக்கேன், மாத்திரை எதுக்கு?" - இதயத் துடிப்பு தாளம் தப்பினால் கேட்கவேண்டிய இரண்டு கேள்விகள்!

கண்புரை ஆபரேஷனுக்கு அப்பாவைக் கூட்டிப்போகிறீர்கள். வழக்கமாக எடுக்கிற இ.சி.ஜி-தான். ஆனால், அதைப் பார்த்த டாக்டர், "ஹார்ட் பீட் ஒழுங்கா இல்ல. முதல்ல கார்டியாலஜிஸ்ட்டைப் பார்த்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார். அப்பாவுக்கோ ஒரே எரிச்சல். "காலையில மூணு கிலோமீட்டர் நடந்துட்டு வந்தேன். எனக்கு என்ன?"

அல்லது, கதை உங்களுடையதாகவே இருக்கலாம். ராத்திரி பதினோரு மணிக்கு நெஞ்சுக்குள் மீன் துள்ளுவதுபோல ஒரு படபடப்பு. பத்து நிமிஷத்தில் அடங்கிவிடுகிறது. ரெண்டு வாரம் கழித்து மறுபடியும் வருகிறது. கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட்வாட்ச், 'உங்கள் துடிப்பு சீராக இல்லை' என்று ஒரு நோட்டிஃபிகேஷன் அனுப்புகிறது.

இரண்டு பேருக்கும் டாக்டர் சொல்லப்போகிற பெயர் ஒன்றாக இருக்கலாம்: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். சுருக்கமாக 'ஏஃபிப்'. பெயர் ஒன்றுதான் என்றாலும், எடுக்கவேண்டிய சிகிச்சை இரண்டு பேருக்கும் முற்றிலும் வேறாக இருக்கலாம். ஏன் அப்படி என்பது புரிந்துவிட்டால், டாக்டர் முன்னால் உட்கார்ந்து தலையை மட்டும் ஆட்டிவிட்டு வரவேண்டிய அவசியம் இருக்காது.

உள்ளே என்ன நடக்கிறது?

இதயத்தில் மேலே இரண்டு அறைகள், கீழே இரண்டு அறைகள். வலது மேலறையில் உள்ள ஒரு சின்னத் திசு, நிமிஷத்துக்கு 60 முதல் 100 முறை மின்தூண்டல் அனுப்பும். அந்தத் தாளத்துக்கு மொத்த இதயமும் சுருங்கி விரியும். ஏஃபிப் வரும்போது மேலறைகளில் அந்த ஒற்றைத் தாளம் போய்விடுகிறது. கச்சேரியில் தவில்காரர் ஒருவர் வாசிக்கவேண்டிய இடத்தில் ஐம்பது பேர் ஆளுக்கொரு தாளம் தட்டினால் எப்படியிருக்கும், அப்படி. நிமிஷத்துக்கு 350 முதல் 600 வரை மின்தூண்டல்கள் கிளம்புவதால், மேலறைகள் சுருங்குவதில்லை, வெறுமனே நடுங்குகின்றன.

நல்லவேளையாக, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் ஒரு செக்போஸ்ட் இருக்கிறது. ஏ.வி முடிச்சு என்று பெயர். வருகிற எல்லாவற்றையும் அது கீழே விடாது. ஆனாலும், எதை விடும், எதை நிறுத்தும் என்று கணக்கே இல்லாததால் கீழறைகள் தாறுமாறாகத் துடிக்கும். மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்த்தால் இது தெரியும். வேகமாக இருக்கிறது என்பது மட்டுமல்ல. அடுத்த துடிப்பு எப்போது வரும் என்று யூகிக்கவே முடியாது.

சிலருக்கு இதனால் மூச்சு வாங்கும், மாடிப்படி ஏறினால் களைப்பு தட்டும், தலை கிறுகிறுக்கும். வேறு சிலருக்கோ எதுவுமே தெரியாது. மேலே சொன்ன அப்பா பொய் சொல்லவில்லை. அவர் நிஜமாகவே நன்றாகத்தான் உணர்கிறார். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு நோய், இரண்டு கேள்விகள்

மேலறை சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருந்தால், ரத்தம் அங்கே தேங்கும். இடது மேலறையின் ஓரத்தில் விரல் நுனி அளவுக்கு ஒரு பை இருக்கிறது. தேங்குகிற ரத்தம் பெரும்பாலும் அந்தப் பையில்தான் உறைந்து கட்டியாகும். அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு கிளம்பி, மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்தால் பக்கவாதம். ஏஃபிப் இருப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் ஐந்து மடங்கு அதிகம். அப்படி வரும் பக்கவாதம் மூளையில் பெரிய பகுதியைப் பாதிப்பதாகவும் இருக்கும்.

ஆக, முதல் கேள்வி: ரத்தக்கட்டியை எப்படித் தடுப்பது? இரண்டாவது கேள்வி: துடிப்பை என்ன செய்வது?

இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் பல வீடுகளில் நடக்கிறது. 'படபடப்பு நின்னுடுச்சு, அப்போ மாத்திரையும் நிறுத்திடலாம்' என்று நினைக்கிறார்கள். படபடப்பு என்பது இரண்டாவது கேள்வி. பக்கவாத மாத்திரை முதல் கேள்விக்கானது. முதலாவதை முடிவுசெய்வது வயசும் உடம்பில் உள்ள மற்ற நோய்களும்தான். நீங்கள் எப்படி உணர்கிறீர்கள் என்பதற்கு அதில் இடமே இல்லை.

அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜோ பைடன் இதற்கு நல்ல உதாரணம். 2021 நவம்பரில் அவருடைய மருத்துவர் வெளியிட்ட அறிக்கையில் அவருக்கு ஏஃபிப் இருப்பது சொல்லப்பட்டிருந்தது. அறிகுறி எதுவும் இல்லை. துடிப்பின் வேகத்தைக் குறைக்க மருந்தும் தேவைப்படவில்லை. ஆனாலும், ரத்தம் உறையாமல் தடுக்க அபிக்ஸபான் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார்.

முதல் கேள்வி: ரத்தக்கட்டி

இதற்கு டாக்டர்கள் ஒரு மார்க் போடுகிறார்கள். 'சாட்ஸ் வாஸ்க்' என்று அந்தக் கணக்குக்குப் பெயர். வயசு 65-ஐத் தாண்டினால் 1, 75-ஐத் தாண்டினால் 2. உயர் ரத்த அழுத்தம் 1, சர்க்கரை நோய் 1, ஹார்ட் ஃபெயிலியர் 1, மாரடைப்பு போன்ற ரத்தக்குழாய் பிரச்னை வந்திருந்தால் 1. ஏற்கெனவே பக்கவாதம் வந்திருந்தால் 2. பெண் என்பதற்கும் முன்பு 1 போட்டார்கள். 2024-ல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதலில் அதை எடுத்துவிட்டார்கள். அந்த வழிகாட்டுதல்படி 2 அல்லது அதற்கு மேல் வந்தால் ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை வேண்டும். 1 என்றால் யோசித்து முடிவெடுக்கலாம்.

உங்கள் அப்பாவுக்கு வயசு 66, பி.பி, சுகர் இரண்டும் இருக்கிறது என்றால் மார்க் 3. தினமும் மூன்று கிலோமீட்டர் நடப்பதற்காக அந்த மார்க்கில் எதையும் கழிக்க முடியாது. 29 வயசில் வேறெந்த நோயும் இல்லாமல் படபடப்பு வருகிற உங்களுக்கு மார்க் 0. பொதுவாக உங்களுக்கு அந்த மாத்திரை தேவைப்படாது. ரொம்பத் தொந்தரவு அனுபவிக்கும் உங்களுக்கு மாத்திரை இல்லை, ஒன்றுமே தெரியாத அப்பாவுக்குக் கண்டிப்பாக வேண்டும்! கேட்க விசித்திரமாக இருந்தாலும் கணக்கு அதுதான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. நம் ஊருக்கு அது முக்கியம். சின்ன வயசில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து, இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கிப்போனவர்கள் இங்கே இன்னமும் நிறைய பேர். வால்வு நடுத்தரமாகவோ கடுமையாகவோ சுருங்கியிருந்து ஏஃபிப்பும் வந்துவிட்டால், இந்த மார்க் கணக்கெல்லாம் கிடையாது. 30 வயசுப் பெண்ணாக இருந்தாலும் மாத்திரை அவசியம். அதனால்தான் ஏஃபிப் என்றதும் டாக்டர் எக்கோ எடுக்கச் சொல்கிறார். 'இ.சி.ஜி எடுத்தாச்சே, எக்கோ வேற எதுக்கு? காசு பிடுங்கவா?' என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சரி, எந்த மாத்திரை?

பழையது வார்ஃபரின். அதன் கதை சுவாரஸ்யமானது. 1930-களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பகுதியில், கெட்டுப்போன ஒருவகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் செத்து விழுந்தன. ஒரு விவசாயி, உறையாத மாட்டு ரத்தத்தைப் பால் கேனில் ஊற்றிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கே வந்துவிட்டார். அங்கிருந்த கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளரின் குழு அதன் காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்தது. அந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக வந்ததுதான் வார்ஃபரின். 1948-ல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது, 1954-ல் மனிதர்களுக்கான மருந்தாக அனுமதி பெற்றது. 'எலி மருந்தையா குடுக்குறாங்க?' என்று யாராவது வாட்ஸ்அப்பில் பயமுறுத்தினால், ஆமாம், அதேதான். அளவு மட்டும் வேறு. எழுபது வருஷங்களாக அது எத்தனையோ பேரைப் பக்கவாதத்திலிருந்து காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. நம் ஊர் மருந்துச்சீட்டில் இதன் உறவுக்கார மருந்தான அசெனோகூமரால் இருப்பதையும் அடிக்கடி பார்க்கலாம்.

இந்த மாத்திரைகளின் தலைவலி, அளவைக் கட்டுக்குள் வைத்திருப்பது. ஐ.என்.ஆர் என்று ஒரு ரத்தப் பரிசோதனை. ஏஃபிப்புக்காகச் சாப்பிடுபவர்களுக்கு அது 2-லிருந்து 3-க்குள் இருக்கவேண்டும். குறைந்தால் கட்டி உருவாகும், கூடினால் ரத்தக்கசிவு. வைட்டமின் கே அதிகமுள்ள கீரைகள் இந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும். அதற்காகக் கீரையையே விட்டுவிடத் தேவையில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் முருங்கைக்கீரை என்றால் எல்லா வாரமும் இரண்டு நாள். ஒரு வாரம் சுத்தமாக நிறுத்திவிட்டு அடுத்த வாரம் தினமும் கீரை மசியல் என்று போனால்தான் ஐ.என்.ஆர் ஏறி இறங்கும். ஆன்டிபயாடிக், வலி மாத்திரை, நாட்டு மருந்து என எது புதிதாகச் சேர்ந்தாலும் டாக்டரிடம் சொல்லவேண்டும்.

புதிய தலைமுறை மாத்திரைகள் டாபிகாட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான் போன்றவை. ஐ.என்.ஆர் பார்க்கவேண்டாம், கீரைக் கணக்கும் வேண்டாம். பெரிய ஆய்வுகளில் வார்ஃபரினைவிட மூளைக்குள் ரத்தக்கசிவு இவற்றில் குறைவாகவே இருந்தது. காப்புரிமை முடிந்ததால் இப்போது நம் நாட்டுக் கம்பெனிகளே தயாரிக்கின்றன, விலையும் இறங்கியிருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு இன்றைக்கு முதல் சாய்ஸ் இவைதான்.

ஆனால், எல்லோருக்கும் அல்ல. செயற்கை உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும், மேலே சொன்ன வால்வு சுருக்கம் உள்ளவர்களுக்கும் வார்ஃபரின் வகைதான். ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவில் ருமாட்டிக் இதய நோயும் ஏஃபிப்பும் உள்ள 4,500-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த 'இன்விக்டஸ்' ஆய்வின் முடிவு 2022-ல் வந்தது. புதிய மாத்திரையான ரிவராக்ஸபான் எடுத்தவர்களைவிட, பழைய வார்ஃபரின் வகை எடுத்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. 'மாமாவுக்குப் புது மாத்திரை குடுத்தாங்களே, அத்தைக்கு மட்டும் ஏன் பழசு?' என்று கோபப்படுவதற்கு முன், அத்தையின் எக்கோ ரிப்போர்ட்டை ஒருமுறை பாருங்கள்.

புதிய மாத்திரைகளுக்கும் சில கறார்கள் உண்டு. உடம்பில் அவற்றின் வேலை ஒரு நாளுக்குள் தீர்ந்துவிடும். இரண்டு வேளை மறந்தால் பாதுகாப்பே இல்லை என்று அர்த்தம். ஏஃபிப்புக்குக் கொடுக்கும் ரிவராக்ஸபானைச் சாப்பாட்டோடுதான் எடுக்கவேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் முழுதாக உடம்பில் சேராது. சஷ்டி விரதம், புரட்டாசி சனிக்கிழமை என்று பட்டினி இருக்கிற அம்மாக்கள், அன்றைக்கு மாத்திரையை எப்போது போடுவது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது. சிறுநீரகத்தின் வேலையைப் பொறுத்தும் இவற்றின் அளவு மாறும் என்பதால், அவ்வப்போது கிரியேட்டினின் டெஸ்ட் தேவை. 'பாதி போட்டா போதும்' என்று நாமே உடைத்துப் போடுவது பக்கவாதத்துக்குக் கதவைத் திறந்துவைக்கிற வேலை.

'ஆஸ்பிரின் போதாதா? அது லேசானதாச்சே' என்ற கேள்வி எப்போதும் வரும். போதாது. 2011-ல் வெளிவந்த 'அவெரோஸ்' ஆய்வில், ஆஸ்பிரின் எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் அபிக்ஸபான் எடுத்தவர்களுக்குப் பக்கவாதம் பாதிக்கும் கீழே குறைந்தது. பெரிய ரத்தக்கசிவில் இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை. லேசான மாத்திரை என்று நாம் நினைப்பதில் பாதுகாப்பும் லேசுதான்.

'பிளட் தின்னர்' என்ற பெயரே ஒரு தப்பான பெயர். ரத்தம் தண்ணியாகிப்போவதில்லை, உறைய எடுத்துக்கொள்ளும் நேரம் கூடுகிறது, அவ்வளவுதான். ஆனால், அது கூடுகிறது என்பதால் சில விஷயங்களில் உஷார் வேண்டும். முட்டிவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கிப் போடும் வலி மாத்திரை, வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கலாம். தார்போல கறுப்பாக மலம் போனால் உடனே காட்டவேண்டும். பைக்கில் விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே காயமே இல்லையென்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பல் பிடுங்கப் போனால், மாத்திரை சாப்பிடுவதை டென்டிஸ்ட்டிடம் சொல்லவேண்டும். நாமாக நாலு நாள் நிறுத்திவிட்டுப் போகக் கூடாது.

அடிக்கடி ரத்தக்கசிவு ஆகிறது, எந்த மாத்திரையும் ஒத்துக்கொள்ளவில்லை என்பவர்களுக்கு, ரத்தம் தேங்கும் அந்தச் சின்னப் பையின் வாயைக் கருவி வைத்து அடைக்கும் சிகிச்சையும் இருக்கிறது. தொடையில் உள்ள ரத்தக்குழாய் வழியாகச் செய்வார்கள். 'மாத்திரை போட சோம்பேறித்தனம்' என்பவர்களுக்கானது இல்லை இது.

இரண்டாவது கேள்வி: துடிப்பு

இங்கேதான் உங்கள் வார்த்தைக்கு எடை அதிகம். ஏனென்றால், எவ்வளவு தொந்தரவாக இருக்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

வழி இரண்டு. ஒன்று, தாளம் தப்பியது தப்பியபடி இருக்கட்டும், வேகத்தை மட்டும் குறைப்போம் என்பது. பீட்டா பிளாக்கர் போன்ற மாத்திரைகள் அந்த செக்போஸ்ட்டை இன்னும் கறாராக்கி, கீழறைக்குப் போகும் தூண்டல்களைக் குறைக்கும். மற்றொன்று, தாளத்தையே சரிசெய்வது. அதற்கு மாத்திரை, மயக்கம் கொடுத்து நெஞ்சில் கொடுக்கும் மின் அதிர்ச்சியான கார்டியோவெர்ஷன், அப்லேஷன் என மூன்று ஆயுதங்கள்.

ரொம்ப காலம் டாக்டர்கள் மத்தியிலேயே இது பெரிய விவாதமாக இருந்தது. 2002-ல் 4,060 பேரை வைத்துச் செய்த 'அஃபர்ம்' ஆய்வு, வேகத்தைக் குறைத்தாலும் தாளத்தைத் திருப்பினாலும் உயிர் பிழைப்பதில் வித்தியாசமில்லை என்றது. அந்த ஆய்வில் இன்னொரு தகவலும் உண்டு. என்னைக் கேட்டால், நாம் மனசில் வைத்துக்கொள்ளவேண்டியது அதுதான். இரண்டு தரப்பிலும் பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலானோர், வார்ஃபரினை நிறுத்தியவர்கள் அல்லது ஐ.என்.ஆர் குறைவாக இருந்தவர்கள். தாளத்துக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டோம் என்பது அவர்களைக் காப்பாற்றவில்லை.

2020-ல் ஐரோப்பாவில் நடந்த 'ஈஸ்ட்' ஆய்வு இந்தப் பேச்சைக் கொஞ்சம் திருப்பிப்போட்டது. ஏஃபிப் கண்டுபிடித்து ஒரு வருஷத்துக்குள் இருந்த 2,789 பேர் அதில் இருந்தார்கள். ஆரம்பத்திலேயே தாளத்தைச் சரிசெய்ய ஆரம்பித்தவர்களிடம் இதயநோய் மரணம், பக்கவாதம், ஹார்ட் ஃபெயிலியர் போன்றவை சேர்ந்த கணக்கு குறைவாக இருந்தது. நூறு பேரை ஒரு வருஷம் கவனித்தால் 5 பேருக்கு வருவது, 3.9 ஆகக் குறைந்தது. இந்த ஆய்வில் பெரும்பாலானவர்கள் ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரையையும் விடாமல் எடுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும்.

ஆகவே, ஏஃபிப் புதிதாக வந்திருக்கிறது, தொந்தரவும் இருக்கிறது என்றால், 'பார்த்துக்கலாம்' என்று வருஷக்கணக்கில் தள்ளாதீர்கள். நாளாக நாளாக மேலறை விரிந்து தழும்பேறும். அப்புறம் தாளத்தைத் திருப்புவது கடினம். அதே சமயம், 80 வயசுத் தாத்தா பல வருஷமாக ஏஃபிப்போடு எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருந்தால், அவரைப் பிடித்து அப்லேஷன் டேபிளில் படுக்கவைக்கவேண்டியதில்லை. வேகம் கட்டுக்குள், பக்கவாத மாத்திரை தவறாமல். அவருக்கு அது நல்ல சிகிச்சைதான். அரைகுறைச் சிகிச்சை இல்லை.

மாத்திரைகளில் அமியோடரோன் என்ற பெயரை அடிக்கடி கேட்பீர்கள். தாளத்தைத் திருப்புவதில் கில்லாடி. ஆனால், நாள்பட எடுத்தால் தைராய்டு, நுரையீரல், கல்லீரல் எல்லாவற்றிலும் கைவைக்கக்கூடியது. வெயிலில் சருமமும் சீக்கிரம் கருகும். 'எவ்வளவு நாளைக்கு? இடையில் என்ன டெஸ்ட் எடுக்கணும்?' என்று கேட்காமல் இந்த மருந்துச்சீட்டோடு வெளியே வராதீர்கள்.

மின் அதிர்ச்சி என்றதும் சினிமா ஞாபகம் வரும். நிஜத்தில், மயக்கத்தில் சில நொடிகளில் முடிந்துவிடும். முக்கியமானது, அதற்கு முன்பும் பின்பும். நடுங்கிக்கொண்டிருந்த மேலறையில் கட்டி இருந்தால், தாளம் திரும்பிச் சுருங்க ஆரம்பிக்கும்போதுதான் அது வெளியே தள்ளப்படும். அதனால், வழக்கமாக முன்னால் 3 வாரமும் பின்னால் 4 வாரமும் உறைவுத் தடுப்பு மாத்திரை கட்டாயம்.

அப்லேஷன்... பண்ணலாமா, வேண்டாமா?

1998-ல் பிரான்ஸின் போர்டோ நகரில் மிஷெல் ஹைசகேரின் குழு ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தது. ஏஃபிப்பைக் கிளப்பிவிடும் தூண்டல்களில் மிகப்பெரும்பாலானவை, நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு ரத்தம் கொண்டுவரும் நாளங்களுக்குள் இருந்து வந்தன. அந்த நாளங்களின் வாயைச் சுற்றி ஒரு தழும்பு வட்டம் போட்டு, தூண்டல் உள்ளே வராமல் வேலி கட்டுவதுதான் அப்லேஷன். தொடைவழியாக மெல்லிய குழாயை அனுப்பி, சூடு அல்லது உறைகுளிர் மூலம் செய்கிறார்கள். இப்போது நொடிக்கும் குறைவான மின் துடிப்புகளால் செய்யும் புதிய முறையும் வந்திருக்கிறது. நெஞ்சைத் திறக்கும் ஆபரேஷன் கிடையாது.

பலன்? 2019-ல் 2,204 பேரை வைத்து வந்த 'கபானா' ஆய்வில், மரணம், பெரிய பக்கவாதம் போன்றவற்றின் மொத்தக் கணக்கில் மாத்திரையைவிட அப்லேஷன் தெளிவாக ஜெயிக்கவில்லை. ஆனால், ஏஃபிப் திரும்ப வருவது குறைந்தது. அன்றாட வாழ்க்கைத் தரம் கூடியது. ஏஃபிப்போடு ஹார்ட் ஃபெயிலியரும் உள்ளவர்களுக்கு விஷயம் வேறு. 2018-ல் வந்த 'காஸில்' ஆய்வில் அப்படிப்பட்டவர்களுக்கு அப்லேஷன் இறப்பையே குறைத்தது.

தினசரி வாழ்க்கையை ஏஃபிப் கெடுக்கிறது, மாத்திரை கேட்கவில்லை அல்லது பிடிக்கவில்லை, விட்டு விட்டு வருகிற ஆரம்பக் கட்டம் என்றால், அப்லேஷன் நல்ல தேர்வு. 'இதைப் பண்ணிட்டா மாத்திரையே வேண்டாம்ல?' என்பதற்காக மட்டும் பண்ணுவதாக இருந்தால் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். செய்த பிறகு குறைந்தது இரண்டு, மூன்று மாதம் உறைவுத் தடுப்பு மாத்திரை தொடரும். அதற்குப் பிறகும் தொடர்வதா என்பதை, இப்போதைய வழிகாட்டுதல்கள்படி, முன்னால் பார்த்த அந்த மார்க்தான் தீர்மானிக்கிறது. அப்பாவின் மார்க் அப்லேஷனுக்குப் பிறகும் 3-தான். நிறுத்தலாமா என்று புதிய ஆய்வுகள் நடந்துகொண்டிருக்கின்றன; அந்த முடிவை டாக்டரிடம் விடுங்கள்.

முதல் சில வாரங்களில் படபடப்பு மறுபடி வரலாம். அது தோல்வி என்று அர்த்தமில்லை. சூட்டுக்காயம் ஆறும் காலம் அது. சிலருக்கு இரண்டாவது முறை செய்யவேண்டி வரும். இதயத்தைச் சுற்றி ரத்தம் கோத்துக்கொள்வது, பக்கவாதம் போன்ற அபாயங்கள் குறைவு, ஆனால் பூஜ்யமில்லை. செய்கிறவரின் அனுபவம் இதில் ரொம்ப முக்கியம். இதற்கென்றே பயிற்சி பெற்றவர் எலக்ட்ரோபிசியாலஜிஸ்ட். "வருஷத்துக்கு எத்தனை ஏஃபிப் அப்லேஷன் பண்றீங்க டாக்டர்? என்னை மாதிரி ஆட்களுக்கு ஒரு வருஷம் கழிச்சு எப்படி இருக்கு?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. இன்ஷூரன்ஸ் எவ்வளவு தரும், இரண்டாவது முறைக்கும் தருமா என்பதையும் அட்மிஷனுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

வாட்ச் சொல்வதை நம்பலாமா?

4,19,297 பேர் கலந்துகொண்ட 'ஆப்பிள் ஹார்ட்' ஆய்வில், வாட்ச்சின் எச்சரிக்கை வந்தவர்கள் மொத்தமே 0.52 சதவிகிதம். 40 வயசுக்குக் கீழே 0.16 சதவிகிதம்தான். எச்சரிக்கை வந்தபின் உடம்பில் ஒட்டும் இ.சி.ஜி பட்டையை அணிந்து திருப்பி அனுப்பியவர்களில், மூன்றில் ஒருவருக்குத்தான் அந்த நாள்களில் ஏஃபிப் பதிவானது. ஏஃபிப் வந்து வந்து போகும் என்பதால், மற்றவர்களுக்கு இல்லவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

வாட்ச் ஒரு துப்பு கொடுக்கிறது. ஏஃபிப்தான் என்று உறுதிசெய்ய இ.சி.ஜி பதிவு வேண்டும். அதை டாக்டர் கண்ணால் பார்க்கவேண்டும். உங்கள் வாட்ச்சில் இ.சி.ஜி வசதி இருந்தால், படபடப்பு வரும்போதே எடுத்து பி.டி.எஃப் ஆக சேமித்துவைத்துக் காட்டுங்கள். டாக்டரைப் பார்க்கப்போகும்போது ஒழுங்காகத் துடித்து மானத்தை வாங்குவதில் இதயத்துக்கு அலாதி இன்பம்! ஆனால், ஒரு நாளைக்கு நாற்பது தடவை வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தால், அந்தப் பயமே படபடப்பைக் கிளப்பும். டாக்டர் கேட்டாலொழிய, நோட்டிஃபிகேஷனை அணைத்துவைப்பதில் தப்பில்லை.

மருந்துக்கு வெளியே...

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில், உடல் பருமன் உள்ள ஏஃபிப் நோயாளிகளைச் சில வருஷங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். 2015-ல் வந்த அந்த முடிவில், எடையை 10 சதவிகிதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களுக்கு, ஏஃபிப் இல்லாமல் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு. 90 கிலோ இருப்பவர் 9 கிலோ குறைப்பது சாதாரண வேலையில்லைதான். ஆனால், அப்லேஷன் செய்துகொண்டாலும் இது தேவைப்படும்.

வார இறுதி பார்ட்டிக்குப் பிறகு திங்கட்கிழமை காலையில் படபடப்போடு வருபவர்களைப் பார்த்துப் பார்த்து, 1978-லேயே 'ஹாலிடே ஹார்ட்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். 2020-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், குடிப்பழக்கம் உள்ள ஏஃபிப் நோயாளிகள் 140 பேரில் பாதிப் பேர் குடியை நிறுத்த முயன்றார்கள். அவர்களில் 53 சதவிகிதம் பேருக்கு ஆறு மாதத்துக்குள் ஏஃபிப் திரும்ப வந்தது. வழக்கம்போலக் குடித்தவர்களில் 73 சதவிகிதம் பேருக்கு வந்தது. எந்தப் பக்கவிளைவும் இல்லாத, காசு மிச்சமாகிற சிகிச்சை. காபிப் பிரியர்கள் கொஞ்சம் மூச்சு விடலாம்: அளவாகக் குடிக்கும் காபி ஏஃபிப்பைக் கிளப்புவதாக நிரூபணமாகவில்லை. உங்களுக்குக் குடித்தால் படபடப்பு வருகிறது என்றால் மட்டும் விட்டுவிடுங்கள்.

குறட்டை இன்னொரு துப்பு. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் பிரச்னை இருந்தால் ஏஃபிப் அடங்காது. இதை நோயாளி சொல்லமாட்டார். பக்கத்தில் படுப்பவர்தான் சொல்லவேண்டும். இளம் வயசில் ஏஃபிப் வந்தால் தைராய்டு டெஸ்ட் கண்டிப்பாக வேண்டும். தைராய்டு அதிகமாகச் சுரந்தால், அதைச் சரிசெய்ததும் துடிப்பு தானாகவே சீராகிவிடுவதுண்டு.

படபடப்போடு மயக்கம், நெஞ்சுவலி, கடுமையான மூச்சுத்திணறல் வந்தாலோ, முகம் ஒரு பக்கம் கோணி, கை தொய்ந்து, பேச்சு குழறினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். போனதும் டாக்டர் கேட்கப்போகும் முதல் விஷயங்களில் ஒன்று, 'உறைவுத் தடுப்பு மாத்திரை எது, கடைசியாக எப்போது போட்டார்?' அந்த ஊசியைப் போடலாமா என்பது உங்கள் பதிலைப் பொறுத்தது. மாத்திரையின் பெயரையும் அளவையும் ஒரு சின்னத் தாளில் எழுதி, அப்பாவின் போன் கவருக்குள் இன்றைக்கே செருகிவையுங்கள். போன் லாக் ஆகியிருந்தாலும் அதை எடுத்துப் படிக்க முடியும்.